டிரொம்சோ நார்தர்ன் லைட்ஸ் மினிபஸ் டூர்: காசு தகுமா?

ராத்திரி வானத்துல பச்சையா ஆடற நார்தர்ன் லைட்ஸ், அதாவது அரோரா, அத பாக்க நார்வேல டிரொம்சோ போலாம்னு இருக்கறவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், பெரிய பஸ்ல ஆயிரம் குரோனர் சொச்சத்துக்கு டூர் இருக்கறப்போ எதுக்கு மினிபஸ்ல போயி 1,700, 1,800னு அழணும்? நாங்க மினிபஸ்லதான் போனோம், நான், வீட்டுக்காரி, அப்பறம் அத்தை, ஈரோட்டுல மார்கழி பனிக்கே தலையில மஃப்ளர் சுத்தற ஆளு. ஒரு குரோனர் எட்டு ஒம்போது ரூபான்னு போட்டா தலைக்கு பதினஞ்சாயிரம் வருது. தகும்னுதான் சொல்லுவேன், ஆனா விளம்பரத்துல போடற பலகாரம், கேம்ப் ஃபயர், ஃப்ரீ ஃபோட்டோ இதுக்கெல்லாம் இல்ல. கம்பெனி பேரு போடல, அந்த ஊர்ல இதே டூர் நடத்தறவங்க ஏகப்பட்ட பேரு, யாருகிட்ட புக் பண்ணாலும் கவனிக்க வேண்டியது ஒண்ணேதான், வண்டி எவ்ளோ தூரம் வரைக்கும் போகும், எங்க போறதுன்னு யாரு எப்ப முடிவு பண்றாங்க.

ஏன்னா அங்க பிரச்சன வெளிச்சம் இல்ல, மேகம். எல்லாரும் ஆப்ப டவுன்லோடு பண்ணிட்டு கேபி எவ்ளோ கேபி எவ்ளோன்னு (பூமியோட காந்தப்புலம் எவ்ளோ கலங்கியிருக்குன்னு சொல்ற எண்ணு அது) பாத்துட்டே இருக்காங்க, டிரொம்சோ இருக்கறதே 69 டிகிரிக்கு மேல, அரோரா வழக்கமா வர்ற வளையத்துக்கு நேர் கீழ, அங்க கேபி 1, 2 இருந்தாலே போதும். ஆனா கடலோர ஊரு, வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் வர்றதுனால குளிரு நம்ம நெனைக்கற அளவுக்கு இல்ல, ஜனவரில கூட மைனஸ் நாலு அஞ்சு சுத்திதான் இருக்கும், அதுக்கு பதிலா மேகமும் பனியும் மாத்தி மாத்தி வந்துட்டே இருக்கும். மேல வானம் பத்தி எரிஞ்சாலும் கீழ மேகம் மூடியிருந்தா ஒண்ணும் தெரியாது. இதுல லிங்கென் ஆல்ப்ஸ்னு ஒரு மலைத்தொடர் இருக்கு, கடல்ல இருந்து வர்ற ஈரத்தையெல்லாம் அது தடுத்துருது, அதுக்கு பின்னாடி இருக்கற ஷிபோட்ன் பள்ளத்தாக்கு நம்ம மேற்கு தொடர்ச்சி மலைக்கு இந்தப்பக்கம் இருக்கற பல்லடம் மாதிரி மழை மறைவு. டிரொம்சோ யுனிவர்சிட்டிக்காரங்க அவங்க வானியல் ஆய்வகத்த அங்க கொண்டு போயி வெச்சிருக்காங்கன்னா சும்மாவா.

எங்கள ராத்திரி ஆறு மணி வாக்குல துறைமுகம் பக்கத்துல ஏத்துனாங்க. எட்டு பேரு, கைடுதான் டிரைவரும், முப்பது வயசு இருக்கற ஒரு நார்வே பொண்ணு. ஊர்ல லேசா பனி கொட்டிட்டு இருந்துச்சு. மேற்கால க்வாலோயா தீவு பக்கம் போனா அர மணி நேரத்துல கடலும் மலையுமா சூப்பர் இடம் கிடைக்கும், அங்கதான் போவோம்னு நெனச்சிட்டு இருந்தோம், வண்டி கிழக்கால திரும்பி இ8 ரோட்டுல போயிட்டே இருக்கு. கொஞ்ச தூரம் போனதும் ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்துனாங்க, கடைசி டாய்லெட் இதுதான், வேணும்னாலும் வேணாம்னாலும் போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணு போன எடுத்து வெச்சுக்கிட்டு வண்டி பானட்டு மேல சாஞ்சு நின்னுருச்சு. எட்டிப் பாத்தேன். ஒரு பக்கம் சாட்டிலைட் மேகப் படம், ஒரு பக்கம் நார்வே வானிலை துறையோட யர் ஆப், மூணாவதா அவங்களுக்குள்ள வெச்சிருக்கற சாட் குரூப், வேற வேற ரோட்டுல இருக்கற கைடுங்க "இங்க நட்சத்திரம் தெரியுது", "இங்க மூடிருச்சு"ன்னு போட்டுட்டே இருக்காங்க. கேபி எவ்ளோன்னு கேட்டேன். "அத விடுங்க, நான் பாக்கறது பி-இசட்" அப்படின்னுச்சு. சூரியன்ல இருந்து வர்ற காத்தோட காந்தப்புலம் தெக்கு பாத்து திரும்புனா, அதாவது பி-இசட் மைனஸ்ல போனா, பூமியோட காந்தக் கவசத்துல கதவு திறக்குது. பூமில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிக்கற சாட்டிலைட் இத அளந்து சொல்லும், அங்க இருந்து காத்து நம்மகிட்ட வர அர மணில இருந்து ஒரு மணி நேரம் ஆகும், அவ்ளோதான் கையில இருக்கற டைம். "மைனஸ் அஞ்சு காட்டுது, ஷிபோட்ன்லயும் மேகம் வந்துட்டு இருக்கு, பின்லாந்து போயிரலாம், எல்லாரும் பாஸ்போர்ட் வெச்சிருக்கீங்கல்ல?"

இதுக்குதாங்க அந்த எக்ஸ்ட்ரா காசு. நாப்பது அம்பது பேர் இருக்கற பஸ்ஸு சட்டுனு திரும்பவும் முடியாது, ரோட்டோரம் கெடைக்கற சின்ன எடத்துல ஒதுங்கவும் முடியாது, எல்லாரும் எறங்கி ஏறவே கால் மணி நேரம், அதனால பெரும்பாலும் பெரிய பார்க்கிங் இருக்கற எடமாதான் பாத்து போவாங்க. நல்ல வானம் இருக்கற ராத்திரின்னா அதுவே போதும், தாராளமா பெரிய பஸ்லயே போங்க. சந்தேகமான ராத்திரிக்குதான் மினிபஸ்.

பின்லாந்து எல்லை தாண்டறப்போ செக்போஸ்ட் எல்லாம் ஒண்ணும் இல்ல, போன்ல மணி மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடி தாவுச்சு. டிரொம்சோல இருந்து கில்பிஸ்யார்வி, எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கற பின்லாந்து கிராமம், அங்க போக ரெண்டர மணி நேரம், ரோடு பூரா ஐஸு, வண்டி டயர்ல ஆணி வெச்சிருக்காங்க, இருந்தாலும் எதிர்ல லாரி வந்தா பனிப்புகை கெளம்பி ரெண்டு செகண்டு முன்னாடி ஒண்ணுமே தெரியாது. நானே கார் வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கறேன்னு சொல்ற நம்ம ஊர் ஆளுங்க ஒரு தடவ இந்த ரோட்ட ராத்திரில பாத்துட்டு அப்பறம் பேசுங்க. வானத்த பாத்துட்டே ஓட்டி நடுரோட்டுல நிறுத்திடறாங்கன்னு அந்தப் பொண்ணு வழியெல்லாம் புலம்பிட்டே வந்துச்சு, அது சொல்லி வாய் மூடல, முன்னாடி ஒரு கார் லைட்ட கூட ஆஃப் பண்ணிட்டு வளைவுல நின்னுட்டு இருந்துச்சு.

கில்பிஸ்யார்வில எறங்குனா மைனஸ் இருபத்திரெண்டு. மூச்சு இழுத்தா மூக்குக்குள்ள முடி ஒட்டிக்கறது தெரியுது. தெர்மல் சூட்டும் பூட்ஸும் அவங்களே தர்றாங்க, அது தனி காமெடி. எல்லாம் ஆறடி நார்வேக்காரங்க அளவு. அத்தைக்கு குடுத்த சின்ன சைஸே காலுக்கு கீழ ஒரு சாண் தொங்குச்சு, மடிச்சு மடிச்சு பூட்ஸுக்குள்ள சொருகி, மேல ஒளிர்ற பட்டை போட்ட ஜாக்கெட்ட மாட்டி, நடக்கவே முடியாம ரெண்டு பக்கமும் புடிச்சு கூட்டிட்டு போனோம். குட்டையான லேடீஸ், குழந்தைங்க இருந்தா புக் பண்ணும்போதே உயரத்த எழுதிருங்க. உள்ள காட்டன் போடாதீங்க, வேர்த்தா அப்படியே ஜில்லுனு ஆயிரும், கம்பளி இல்லன்னா தெர்மல். கைக்கு மெல்லிசா ஒரு உறையும் அதுக்கு மேல தடிமனா ஒண்ணும், போன் தொடறதுக்கு தடிமன மட்டும் கழட்டுனா போதும்.

அப்பறம் காத்திருக்கறது. வடக்கால மலைக்கு மேல வெள்ளையா ஒரு கோடு. "மாப்ள, இதுக்கா இத்தன தூரம் கூட்டிட்டு வந்தீங்க, நம்மூருல விடியக்காலைல இத விட நல்லா தெரியுமே" அப்படின்னாங்க அத்தை. அவங்க சொன்னது தப்பே இல்ல, வெறும் கண்ணுக்கு அது சாம்பல் கலர்ல மெல்லிசு மேகம்தான். கைடு போன எடுத்து மூணு செகண்டு புடிச்சு காட்டுனா பச்சையா இருக்கு. கம்மியான வெளிச்சத்துல நம்ம கண்ணுக்கு கலர் புடிக்கற சக்தி போயிரும், கேமராவுக்கு அந்த பிரச்சன இல்ல. இத யாரும் விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க, நெறைய பேரு டூர் போயிட்டு வந்து ஏமாத்திட்டாங்கன்னு திட்டி எழுதறதுக்கு பாதி காரணம் இதுதான்.

முக்கா மணி நேரம் ஒண்ணும் ஆகல. நெருப்பு மூட்டி சுத்தி உக்காந்தோம், கூட வந்த ஸ்பெயின் ஜோடி வண்டிக்குள்ளயே போயி படுத்துக்கிட்டாங்க. பத்தர மணிக்கு மேல அந்தக் கோடு கீழ் ஓரத்துல பளிச்சுனு கெட்டியாச்சு. கைடு கையில இருந்த கப்ப அப்படியே பனில வெச்சுட்டு வண்டி கதவ தட்டி எல்லாரையும் வெளிய வாங்கன்னு கத்துச்சு. அடுத்த ஒரு நிமிஷத்துல கோடு மடிஞ்சு திரை மாதிரி ஆகி, கிழக்குல இருந்து மேற்குக்கு ஓடி, தலைக்கு நேர் மேல வந்துருச்சு, இப்ப கண்ணுக்கே பச்சை, ஓரத்துல ரோஸ் கலர் ஓடுது, பனி மேல கூட பச்சை அடிக்குது. பச்சை, சூரியன்ல இருந்து வர்ற துகள் நூறு கிலோமீட்டருக்கு மேல ஆக்சிஜன்ல மோதறதுனால வருது, ஓரத்து ரோஸ் அதுக்கும் கீழ நைட்ரஜன், அது நல்லா வேகமா ஆடற அன்னைக்குதான் தெரியும். தலைக்கு மேல எல்லா கதிரும் ஒரே புள்ளில இருந்து விரியற மாதிரி வந்தப்ப அத்தை சூட்டோட பனில மல்லாந்து படுத்துட்டாங்க, எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாங்க. ஏழெட்டு நிமிஷம் இருக்கும். அப்பறம் வானம் பூரா மங்கலா திட்டுத்திட்டா கண் சிமிட்டற மாதிரி அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சிட்டு இருந்துச்சு.

லடாக்லயே தெரிஞ்சுதே இதுக்கு ஏன் நார்வேன்னு வீட்டுல ஒருத்தர் கேட்டாரு. 2024 மே மாசம் வந்த பெரிய சூரியப் புயல்ல ஹான்லேல இருந்து எடுத்த படம் அது, அடிவானத்துல செவப்பா ஒரு பூச்சு, ரொம்ப உயரத்துல இருக்கற செவப்பு மட்டும்தான் அவ்ளோ தெக்கால இருந்து தெரியும். அந்த மாதிரி புயல் எப்ப வரும்னு காத்துட்டு இருந்து பாக்க முடியாது. டிரொம்சோல சாதாரண ராத்திரிலயே வரும்.

சரி, குறை. சாப்பாடு. வெஜிடேரியன்னு புக்கிங்ல தெளிவா போட்டிருந்தோம், மெயில்லயும் ஓகே சொன்னாங்க, அங்க போனா வெந்நீர் ஊத்தி சாப்பிடற பாக்கெட்டுல மீனும் மாட்டுக்கறியும்தான் வரிசையா இருக்கு, வெஜ் பாக்கெட்டு ரெண்டே ரெண்டு, அதுல ஒண்ண கூட வந்த வேற ஒருத்தரு ஏற்கனவே ஊத்தி வெச்சுட்டாரு. வீட்டுக்காரி கொண்டு வந்த புளியோதரைதான் காப்பாத்துச்சு, அதையும் சூட்டுக்குள்ள வெச்சிருந்ததால கல்லாகல, பைல வெச்ச வாழப்பழம் கல்லாயிருச்சு. ஹாட் சாக்லேட் நல்லா இருந்துச்சு, பிஸ்கெட்டு ஓகே.

வண்டில கடைசி சீட்டுக்கு ஹீட்டர் வரல, போக வர அஞ்சு மணி நேரம் கால் விறைச்சு போயிருச்சு, சீக்கிரம் போயி நடு வரிசைல உக்காருங்க. அப்பறம் யாரும் வெளிய சொல்லாத விஷயம், பங்க்குக்கு அப்பறம் டாய்லெட் கெடையாது, இருட்டும் மரமும்தான். ஒரே துண்டா இருக்கற சூட்ட தோள்ல இருந்து கழட்டணும், மைனஸ் இருபதுல. அத்தை சாயந்தரத்துல இருந்தே தண்ணி குடிக்கல, இது சரியில்ல, வயசானவங்க இருந்தா புக் பண்றதுக்கு முன்னாடி டாய்லெட் இருக்கற கேம்ப்புக்கு போற டூரா, சுத்திட்டே இருக்கற டூரான்னு கேட்டுருங்க. கேம்ப் டூர்ல கூடாரம், சூடு, டாய்லெட் எல்லாம் இருக்கும், மேகம் வந்தா மட்டும் அங்கேயே உக்காந்திருக்க வேண்டியதுதான்.

ஃபோட்டோ நல்லா எடுத்தாங்க, ட்ரைபாட்ல வெச்சு நம்மள அசையாம நிக்க சொல்லி லேசா டார்ச் ஒரு தட்டு தட்டுவாங்க, முகமும் தெரியும் வானமும் தெரியும். ரெண்டு நாள்ல அனுப்பறேன்னு சொன்னது ரொம்ப லேட்டா வந்துச்சு, அதுவும் நான் ரெண்டு மெயில் போட்டப்பறம். உங்க போன்லயே நைட் மோடு போட்டு எதுலயாச்சும் சாச்சு வெச்சா நல்லாவே வரும், பேட்டரிதான் குளிர்ல மடமடன்னு எறங்கும், உள்பாக்கெட்டுல உடம்பு சூட்டோட வெச்சுக்கங்க. ஃபிளாஷ் மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க, சுத்தி நிக்கற எல்லாரோட கண்ணும் போயிரும்.

செப்டம்பர் கடைசில இருந்து மார்ச் கடைசி வரைக்கும் சீசன், டிசம்பர்ல பகல்லயே சூரியன் கெடையாது, எனக்கு மார்ச் பிடிச்சிருந்துச்சு, பகல்ல வெளிச்சமா பனி பாக்கலாம் ராத்திரிக்கு இது. நார்வே ஐரோப்பிய யூனியன்ல இல்லன்னாலும் ஷெங்கன் விசாதான், பின்லாந்து தாண்டறதுக்கு தனியா எதுவும் வேணாம், பாஸ்போர்ட்ட மட்டும் ஹோட்டல் லாக்கர்ல வெச்சுட்டு போயிராதீங்க, அது இல்லன்னு ஒருத்தர் சொன்னா மொத்த வண்டியும் எல்லைக்கு இந்தப்பக்கமே நிக்கணும். லைட்ஸ் தெரியலன்னா பணம் திரும்ப வராது, சில பேரு அடுத்த தடவைக்கு தள்ளுபடி தர்றாங்க, அதையும் எழுத்துல பாத்துக்கங்க. ஊருக்கு போயி எறங்குன மொத நாள் ராத்திரிக்கே டூர போட்டுருங்க, சொதப்புனா மறுநாள் இருக்கும், கடைசி ராத்திரிக்கு போட்டீங்கன்னா யர் ஆப்பையே பாத்து வயிறு கலங்கிட்டு இருக்கணும்.