டா நாங், நியா ட்ராங், குய் நோன்: நடந்து பார்க்க எந்த ஊர்?

வியட்நாமின் நடுக் கடற்கரையில் ஓர் ஊரில் இறங்கி, வண்டி பிடிக்காமல் நடந்தே சுற்ற வேண்டும் என்றால் எங்கே போகலாம்? கேட்டுப் பாருங்கள், டா நாங் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, கடற்கரை நீளமானது, நெருப்புக் கக்கும் பாலம் வேறு. எல்லாம் சரிதான். ஆனால் மூன்று ஊர்களிலும் செருப்புத் தேய நடந்த பிறகு என் வரிசை வேறு மாதிரி அமைந்துவிட்டது. முதலில் குய் நோன், அப்புறம் நியா ட்ராங், கடைசியில்தான் டா நாங்.

இது நடப்பவன் போட்ட வரிசை. குழந்தைகளோடு போகிறவர்களும், நல்ல அறையும் நீச்சல்குளமும் தேடுகிறவர்களும் இதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம், தப்பில்லை. என் அளவுகோல் ஒன்றே ஒன்று: கடலுக்கு முதுகைக் காட்டிப் பத்து நிமிடம் நடந்தால் துணி காயும் தெரு வந்துவிட வேண்டும். வாசலில் ஸ்டூல் போட்டு யாராவது மீன் ஆய்ந்துகொண்டிருக்க வேண்டும். வெறும் ஹோட்டல் வரிசையைப் பார்ப்பதற்குக் கால் வலிக்க நடப்பானேன்?

டா நாங்கின் சிக்கல் அதன் வரைபடத்திலேயே இருக்கிறது. ஹான் ஆறு ஊரை இரண்டாக வகுந்துவிடுகிறது. பழைய ஊர் மேற்குக் கரையில், மீ கே கடற்கரை ஆற்றைத் தாண்டிக் கிழக்கே. மேற்குக் கரை மட்டும் என்றால் நடக்க அருமையான இடம். ஹான் சந்தையில் தொடங்கி, பக்கத்தில் 1923-இல் கட்டிய இளஞ்சிவப்புத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு (கோபுர உச்சியில் காற்றுக்குத் திரும்பும் சேவல் இருப்பதால் உள்ளூரில் அதற்குக் கோழிக் கோயில் என்றே பெயர்), பாக் டாங் ஆற்றங்கரைச் சாலையில் தெற்கே இறங்கினால் இரண்டு கிலோமீட்டருக்குள் சாம் சிற்ப அருங்காட்சியகம் வந்துவிடும்.

1919-இல் திறந்த அருங்காட்சியகம் அது. சாம் என்பவர்கள் வியட்நாமியர்களுக்கு முன்பே இந்தக் கடற்கரையை ஆண்ட மக்கள். சாம் சிற்பங்கள் இவ்வளவு ஓரிடத்தில் வேறெங்கும் கிடையாது. நம் கோயில் தூண்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு லிங்கமும் பிள்ளையாரும் சட்டென்று பிடிபடும். ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் முகங்கள் நம் முகங்கள் இல்லை. தோங் யுவோங் என்ற இடத்து ஒன்பதாம் நூற்றாண்டுச் சிலைகளுக்குத் தடித்த உதடு, அகன்ற மூக்கு, நடுவில் கூடிவிட்ட புருவம். அடுத்த கூடத்திலேயே சா கியூ பீடத்து நடனப் பெண்கள், இடுப்பை ஒடித்து, ஏதோ நமக்குத் தெரியாத தாளத்துக்கு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு மணி நேரம் என்று போய் மூன்று மணி நேரம் உள்ளேயே கிடந்தேன். டா நாங்குக்கு நான் முழு மதிப்பெண் தருவது இந்தக் கட்டடத்துக்கு மட்டும்தான்.

வெளியே வந்தால் எதிரே டிராகன் பாலம். 666 மீட்டர் நீளம். 2013 மார்ச் 29 அன்று திறந்தார்கள். 1975-இல் வியட்நாம் போரில் ஊர் வடக்கு வியட்நாமின் கைக்குப் போன அதே தேதி. வார இறுதிகளில் இரவு ஒன்பது மணிக்கு டிராகன் முதலில் நெருப்பையும் பிறகு தண்ணீரையும் கக்கும். தலை கிழக்குக் கரைப் பக்கம் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் அங்கே போய் நின்றால் முழுக்க நனைய வேண்டியதுதான். பாலம் வரைக்கும் குறை இல்லை. அதைத் தாண்டிக் கடலுக்குப் போகும் சாலைதான் என்னைக் கவிழ்த்தது. அகலமான சாலை, அளந்து நட்ட மரங்கள், அந்த மரங்களில் நிழல் இன்னும் வளரவில்லை. காலை பத்து மணி வெயிலில் அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் கடலே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. கடற்கரைக்கு வந்தாலும் வடக்கே சோன் ட்ரா மலையில் நிற்கும் 67 மீட்டர் வெள்ளைச் சிலை எவ்வளவு நடந்தாலும் அதே தூரத்தில்தான் நிற்கிறது.

டா நாங்கில் இன்னொரு வேடிக்கை. என் தங்குமிடத்தின் முகவரியில் எண்ணுக்கு முன்னால் ‘கே’ என்று ஓர் எழுத்து இருந்தது. விடுதிப் பெயரின் முதலெழுத்து என்று நினைத்துக்கொண்டு அதே எண் உள்ள கடையில் போய் நின்றேன். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே பக்கத்துச் சந்துப் பக்கம் கையைக் காட்டினார். கியெட் என்றால் சந்து. அந்த எண் சந்து தொடங்கும் இடத்தைச் சொல்கிறது, வீடு உள்ளே. சந்துக்கு இந்தப் பெயர் ஹுவே, டா நாங் பக்கம்தான். நியா ட்ராங்கிலும் குய் நோனிலும் ஹெம், ஹனோயில் ங்கோ. வழி கேட்கும்போது இந்த ஒரு சொல் தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

நியா ட்ராங்கில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கடல், அதை ஒட்டிப் பூங்கா, அதை ஒட்டி ட்ரான் பூ சாலை, அதற்குப் பின்னால் ஊர். ஒரே கோடு. கடல் கிழக்கே இருப்பதால் மூன்றரை மணிக்கு மேல் ஹோட்டல் கோபுரங்களின் நிழல் மணல் வரைக்கும் விழுந்துவிடும். அந்த ஹோட்டல்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அவற்றின் கீழே பலகைகள் ரஷ்ய எழுத்திலும் கொரிய எழுத்திலும் இருக்கின்றன. நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று ஒரு கணம் சந்தேகம் வரும்.

ஆனால் வடக்கே நடந்துகொண்டே இருங்கள். வழியில் பாஸ்டர் நிறுவனமும் அலெக்சாந்தர் யெர்சின் அருங்காட்சியகமும் வரும். 1894-இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தவர் யெர்சின். 1943-இல் இந்த ஊரிலேயே இறந்தார். ஆற்று முகத்தில் மீனவர் குடியிருப்பில் வாழ்ந்து, புயல் வரும் என்று அவர்களை எச்சரித்தவர். மீனவர்கள் அவரை ‘ஓங் நாம்’, ஐந்தாமவர் என்று அழைத்தார்களாம். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த தெருப்பெயர்கள் பெரும்பாலும் போன பிறகும் யெர்சின் பெயர் நிலைத்துவிட்டது. இந்த நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை.

பிறகு காய் ஆறு. பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் நீல வண்ண மீன்பிடிப் படகுகள், அவற்றுக்கு நடுவே மூங்கிலில் பின்னித் தார் பூசிய வட்டக் கூடைப் பரிசல்கள். ஒற்றைத் துடுப்பை எட்டுப் போடுவது போல ஆட்டி அதை ஓட்டுவதைப் பார்ப்பதற்காகவே அரை மணி நின்றேன். நம் ஒகேனக்கல் பரிசலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கரையில் குன்றின் மேல் போ நகர் கோபுரங்கள். சாம் மொழியில் போ என்றால் தலைவன் அல்லது தலைவி. நகர் என்பது அதே சமஸ்கிருத நகரம்தான், அங்கே நாடு என்ற பொருளில். நாட்டின் தலைவி. 774-இல் கப்பலில் வந்தவர்கள் கோயிலைக் கொளுத்தியதையும், சாம் அரசன் சத்தியவர்மன் 784-இல் மறுபடி கட்டியதையும் கல்வெட்டே சொல்கிறது.

கீழ்த்தளத்தில் கூரை போய்விட்ட செங்கல் மண்டபம், பெரிய தூண்கள் பத்து, சிறியவை பன்னிரண்டு. மேலே கருவறைக்குள் பத்துக் கைகளோடு தேவி உட்கார்ந்திருக்கிறாள். இப்போது வியட்நாமியர்கள் அவளைத் தியென் யி ஆ நா என்று கும்பிடுகிறார்கள், பட்டுச் சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி. அரைக்கால் சட்டையோடு போனால் வாசலில் சாம்பல் நிற அங்கி தருவார்கள். பல நூற்றாண்டுப் புகை படிந்து உள்சுவர் கறுத்திருக்கிறது. வெளியே வந்து ஒரு செங்கல்லைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு கல்லுக்கு நடுவே நகம் நுழைய இடமில்லை. இந்த ஊருக்குப் பக்கத்தில் வோ கான் என்ற இடத்தில் கிடைத்த பழைய சமஸ்கிருதக் கல்வெட்டில் ஸ்ரீமாரன் என்ற பெயர் வருகிறது. அதைப் பாண்டியரின் மாறன் பட்டத்தோடு சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்களும் உண்டு. கல் இப்போது ஹனோயில் இருக்கிறது, நடந்து போகிற தூரத்தில் இல்லை.

கடற்கரையிலிருந்து போ நகர் வரை நடந்து திரும்பினால் ஒரு நாள் நிறைவாகப் போய்விடும். மூன்றில் ஓர் ஊருக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் நியா ட்ராங்கைத்தான் சொல்வேன். இரண்டாம் நாள்தான் பிரச்சினை. கல் தேவாலயம், லோங் சோன் வெள்ளைப் புத்தர், டாம் சந்தை என்று பார்த்தபின் மறுபடி அதே கோட்டில் மேலும் கீழும் நடக்க வேண்டியிருக்கும்.

நடைபாதையைப் பொறுத்தவரை மூன்று ஊர்களும் ஒன்றுதான். நடைபாதை என்பது பைக் நிறுத்தும் இடம், மிச்சம் இருந்தால் சாப்பிடும் இடம், அதிலும் மிச்சம் இருந்தால் நடக்கலாம். சாலையைக் கடக்கும் முறையும் ஒன்றே: ஒரே வேகத்தில், நிற்காமல், ஓடாமல், முக்கியமாகப் பின்வாங்காமல் போக வேண்டும். பைக்காரர்கள் நம்மைச் சுற்றிக்கொண்டு போவார்கள். நம் ஊரில் சாலை கடந்து பழகியவர்களுக்குக் கையைத் தூக்கும் பழக்கம் தானாக வரும், அதுவும் வேலை செய்கிறது. பஸ்ஸும் லாரியும் மட்டும் சுற்றிக்கொண்டு போகா, அவற்றுக்கு நாம்தான் நிற்க வேண்டும். குய் நோனில் வண்டிகள் குறைவு என்பதால் மூன்றாம் நாள் இந்தக் கலையே எனக்கு மறந்துபோனது.

சாப்பாட்டில் ஒப்பிட ஒரே ஒரு பண்டம் போதும்: பூன் சா கா. மீன் வடைத் துண்டுகள் போட்ட அரிசி நூடுல்ஸ் சூப். டா நாங்கில் அதில் பூசணியும் முட்டைக்கோஸும் தக்காளியும் போட்டுக் குழம்பு மாதிரி இனிப்பாகச் செய்கிறார்கள். நியா ட்ராங்கில் மேலே ஜெல்லி மீன் கண்ணாடித் துண்டுகள் போல மிதக்கும். பல்லில் நறுக்கென்று கடிபடும், ருசி என்று தனியாக ஒன்றும் இல்லை. குய் நோனில் சூப் தெளிந்த ரசம் மாதிரி, மீனைத் தவிர வேறு எதுவும் தலை நீட்டாது. என் வோட்டு அதற்குத்தான். மீ குவாங் என்ற நூடுல்ஸ் விஷயத்தில் மட்டும் டா நாங்கை யாரும் அசைக்க முடியாது. சைவர்கள் ‘சாய்’ என்ற பலகையைத் தேடுங்கள். அங்கே சாய் என்றால் டீ அல்ல, சைவம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் சாப்பிடுவதால் அந்தக் கடைகளில் கூட்டம் அள்ளும்.

சரி, குய் நோன். பெரிய ரயில்கள் ஊருக்குள் வராது, பத்துக் கிலோமீட்டர் தள்ளி டியூ ட்ரி நிலையத்தில் இறக்கிவிடும். விமான நிலையம் அதைவிடத் தூரம். இந்தச் சிரமம்தான் ஊரை இதுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். பிறை வடிவக் கடற்கரை. அதை ஒட்டிய சாலைக்கு இந்தப் பகுதியில் பிறந்த கவிஞர் சுவான் ஸியூவின் பெயர். காலை ஐந்து மணிக்கு முன்பே ஊரில் பாதி கடலில் நிற்கிறது. பாட்டிகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கதை பேசுகிறார்கள். ஏழு மணிக்கெல்லாம் எல்லாரும் வேலைக்குப் போய்விட, மணல் காலி. சாலையைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பியதும் துணி காய்கிறது. பத்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

இன்னும் உள்ளே நடந்தால் குடியிருப்புகளுக்கு நடுவே தாப் டோய், இரட்டைக் கோபுரம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. சாம் கட்டடம் என்றாலும் கூரை கம்போடியாவின் கெமேர் பாணியில் வளைந்து ஏறும், மூலைகளில் கல் கருடன்கள் கை தூக்கி நிற்கும். போ நகரில் இருக்கும் கூட்டம் இங்கே இல்லை. நான் போன மாலை அங்கே என்னைத் தவிர இருந்தவர், புல்லில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும்தான்.

எப்போது போவது என்பதில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அக்டோபர், நவம்பரில் மழையும் புயலும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடக்க ஏற்ற காலம். அதற்கப்புறம் வெயில் நம்மூர் வெயில்தான்.

குய் நோனில் ஒரு நடையைத் தவற விடாதீர்கள். கடற்கரையின் தெற்கு முனையில் கெங் ராங் குன்று. அங்கே கவிஞர் ஹான் மாக் டூவின் கல்லறை. 1912-இல் பிறந்து, தொழுநோய் கண்டு, 1940-இல் இருபத்தெட்டு வயதில் மலைக்கு அந்தப் பக்கம் குய் ஹோவா மருத்துவமனையில் இறந்தவர். முதலில் அங்கேயே புதைத்து, பிறகு இங்கே மாற்றினார்கள். போகிற வழியில் ஒருவர் சூட்டுக்கோலால் மரப்பலகையில் அவருடைய கவிதைகளைப் பொசுக்கி எழுதிக்கொண்டிருக்கிறார். கருகிய மரவாசனை படி ஏறும் வரை கூடவே வரும். கீழே அரசி கடற்கரை. மணலே இல்லை, முட்டை முட்டையாக வழுவழுப்பான கற்கள். செருப்போடு நடந்தால் வழுக்குகிறது, வெறுங்காலோடு நடந்தால் ஒவ்வொரு கல்லாகப் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. நூறு மீட்டருக்கு எனக்கு இருபது நிமிடம் ஆனது. அலை திரும்பும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசி, கூடை நிறையக் கொட்டைப்பாக்கை யாரோ சரிப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன.