பெயரை மறைப்பதா, கோப்பைத் திறப்பதா?
1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனின் டல்லெஸ் விமான நிலையத்தில் இறங்கவிருந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514 விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தனர். ஆறு வாரம் முன்புதான் யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று அதே இறங்குவழியில், எந்த உயரத்துக்கு இறங்கலாம் என்ற அதே குழப்பத்தால், மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த எச்சரிக்கை யுனைடெட் நிறுவனத்தைத் தாண்டவில்லை. வேதனை அதுதான்.

1976-ல் நாசா தொடங்கிய ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற விமானப் பாதுகாப்பு அறிக்கை அமைப்பு, எழுதியவர் பெயரை மறைக்கும், பாடத்தை எல்லோருக்கும் தரும். விமானி நடந்ததை 10 நாளுக்குள் எழுதி அனுப்பினால், தெரியாமல் செய்த விதிமீறலுக்குப் பொதுவாகத் தண்டனை இல்லை. பெயர் உள்ள அடையாளச் சீட்டு நேரமுத்திரையுடன் அவருக்கே திரும்பிவிடும். விபத்துக்கும் குற்றத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. பெயர் நீங்கியபின் மேல்விவரம் கேட்க முடியாது என்பது இதன் குறை.

மாறாக, அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி.யின் விபத்து விசாரணையில் கோப்பு பொதுவில் வைக்கப்படும். அங்கும் விமானி அறைப் பேச்சின் எழுத்து வடிவம்தான் வெளிவரும், குரல் வராது. அந்த வரம்பு நியாயமானதே.