மூணு மாச சுகரா, விரல்நுனிச் சொட்டா?

மார்த்தாண்டம், களியக்காவிளை லேப்களில் ‘மூணு மாச சுகர்’ என்று கேட்டால் எடுப்பது எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை. அது 7% என்றால் சராசரி சர்க்கரை சுமார் 154 (மி.கி./டெ.லி.). ஆனால் 120-க்கும் 190-க்கும் நடுவே நிற்பவருக்கும், 55-க்கு இறங்கி 280-க்கு ஏறுபவருக்கும் அதே 7 வரலாம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எண் கூட்டிக் காட்டும்.

இருந்தாலும் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்பைக் கணிக்க இதுதான் உறுதியான அளவுகோல். ஏற்ற இறக்கம் தனியாக எவ்வளவு கெடுக்கிறது என்பதில் மருத்துவர்களிடையே வாதம் உண்டு. தாழ்சர்க்கரை ஆபத்து என்பதில் வாதமே இல்லை.

அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிப்பது, விரல்நுனிச் சொட்டு ரத்தத்தில் அப்போதைய சர்க்கரையைக் காட்டும் குளுக்கோமீட்டர்தான். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமா? சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று பாருங்கள். இரண்டாவது 180-க்குள் இருக்க வேண்டும். தாண்டினால் கிழங்கைக் குறையுங்கள். மீன் பாவம், அதன்மேல் குற்றமில்லை. ஏத்தன்பழம் உரித்த கையோடு குத்தினால் எண் பொய்யாக ஏறும்; சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்டிரிப்பின் குப்பி மூடி திறந்தே கிடந்தால் மழைக்கால ஈரத்தில் அது கெட்டுவிடும்.

இன்சுலினோ, கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம் என்பதால் மீட்டர் இல்லாமல் ஆகாது. 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மெட்பார்மின் மாத்திரை மட்டும் என்றால் பெரும்பாலும் எச்பிஏ1சி போதும். எண் நிலையாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.