கரப்பான் ஜெல்: திருகோணமலைக் குசினிகளுக்கு ஏற்றதா?

திருகோணமலைக் கடைகளில் கரப்பானுக்கு மருந்து கேட்டால் முதலில் கைக்கு வருவது ஸ்பிரே டின். அடுத்தது சோக்குக்கட்டி. சிரிஞ்சில் அடைத்து வரும் ஜெல் பின்தட்டில் கிடக்கும். பெயர் சொல்லிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். ஆள் விரலளவு, விலையோ கூட. அதனால் பலர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்பிரேயோடு வீட்டுக்குப் போகிறார்கள். இது பிழையான தெரிவு. குசினிக்குள் குடியிருந்து பெருகும் சின்னக் கரப்பானை ஒழிக்க, வீட்டுக்காரர் தாமே வாங்கி வைக்கக்கூடியவற்றில் ஜெல்லுக்கு நிகராக ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாக் கரப்பானுக்கும் அது மருந்தில்லை. வைக்கும் முறை பிழைத்தால் கொடுத்த காசும் வீண்.

ஆகவே வாங்குமுன் உங்கள் வீட்டில் இருப்பது எது என்று பாருங்கள். இரவு விளக்கை அணைத்து ஒரு மணித்தியாலம் கழித்து ரோச் லைற்றோடு குசினிக்குள் போங்கள். வெளிர் மண்ணிறமாக, ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளத்தில், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளோடு ஓடினால் அது ஜேர்மன் கரப்பான். வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே சாகும் இனம். முட்டை அட்டை, மொத்தக் கடைச் சாமான் வந்த அட்டைப்பெட்டி, பாவித்த பிரிட்ஜ் என்று ஏதோ ஒன்றோடுதான் உள்ளே வந்திருக்கும். பெட்டை 30 முதல் 40 முட்டைகள் உள்ள பையைப் பொரிக்கும் தறுவாய் வரை வாலில் காவிக்கொண்டு திரியும். அதனால்தான் இரண்டு மூன்று என்று கண்டது சில மாதங்களில் லாச்சி நிறைந்துவிடுகிறது. செந்நிறமாக, மூன்றரை நாலு சென்ரிமீற்றர் நீளத்தில், புழுக்கமான இரவில் பறந்து வருவது அமெரிக்கக் கரப்பான். அதன் இருப்பிடம் மலசலகூடக் குழியும் கழிவுநீர்க் கானும். உங்கள் குசினிக்கு அது இரை தேடி மட்டும் வருகிறது. ஜெல் முதலாவதற்கு. இரண்டாவதற்கு வேறு வழி, அதைப் பின்னால் பார்ப்போம்.

குழாயின் லேபிளில் என்ன மருந்து, எத்தனை வீதம் என்று எழுதியிருக்கும். 0.05 வீத பிப்ரோனில், 2.15 வீத இமிடாகுளோபிரிட், 0.6 வீத இன்டொக்சாகார்ப் ஆகியவை கரப்பான் ஜெல்லில் வழமையாக வருபவை. வீதம் கூடியதால் வலிமை கூட என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் வெவ்வேறு நஞ்சு, அவற்றின் அளவை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. மூன்றுக்கும் பொதுவான குணம் உடனே கொல்லாமை. அதுதான் ஜெல்லின் பலமே. தின்ற கரப்பான் இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும். வெளியே வராமல் உள்ளேயே கிடக்கும் குஞ்சுகள் அதன் எச்சத்தையும் செத்த உடலையும் தின்னும்; அவையும் சாகும். ஸ்பிரே எட்டாத இடத்துக்கு மருந்தைக் கரப்பானே காவிக்கொண்டு போகிறது.

வைப்பதற்கு முன் துப்புரவு. துப்புரவில்லாத குசினியில் ஜெல் வைப்பது சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் மருந்தை வைத்துவிட்டு அதைத் தின் என்று சொல்வதற்குச் சமம். கேஸ் அடுப்பைத் தூக்கி அடியிலுள்ள எண்ணெய்ப்பிசுக்கைச் சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள். தேங்காய் திருவும் இடத்தில் சிந்திய பூ, மா டின்னைச் சுற்றிய தூள், குப்பை வாளியின் அடி எல்லாம் போக வேண்டும். இரவில் சிங்க் காய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் கரப்பான் சாப்பாடில்லாமல் வாரக்கணக்கில் தாங்கும், தண்ணீரில்லாமல் அவ்வளவு தாங்காது. பிரிட்ஜின் பின்பக்கம் மோட்டருக்கு மேலே ஒரு தட்டில் தண்ணீர் தேங்கும். அதைக் கழற்றி ஊற்றிக் கழுவுங்கள். கரப்பானுக்கு மட்டுமல்ல, டெங்கு நுளம்புக்கும் அந்தத் தட்டு இடம் கொடுக்கும். 2017 இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டம் மறக்கவில்லை. ஆகவே இந்தத் தட்டை வாரம் ஒருமுறை பாருங்கள்.

இனி வைக்கும் முறை. ஒரு புள்ளி உழுந்து அளவு போதும், 0.05 முதல் 0.1 கிராம் வரை வரும். 30 கிராம் குழாயில் குறைந்தது 300 புள்ளி வைக்கலாம். இப்படிக் கணக்குப் பார்த்தால் ஜெல்லின் விலை பெரிதில்லை. பத்தடிக்குப் பத்தடிக் குசினியில் கரப்பான் மொய்க்கிறதென்றால் முதல் தடவை 20 முதல் 30 புள்ளி. அங்கொன்று இங்கொன்று என்றால் 10 அல்லது 12. நாலைந்து இடத்தில் கட்டியாகப் பிதுக்கி வைப்பதுதான் அதிகம் காணப்படும் பிழை. ஜேர்மன் கரப்பான் தன் இடுக்கை விட்டுத் தூரம் போகாது. அது இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

இருக்கும் இடத்தை அதன் எச்சம் காட்டிக்கொடுக்கும். மிளகுத்தூள் கொட்டியது போன்ற கரும்பொட்டுகள் அலுமாரிப் பிணைச்சலிலும், லாச்சி ஓடும் கம்பியின் பின்முனையிலும், சிங்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் துளையைச் சுற்றியும், பிரிட்ஜ் மோட்டர்ப் பக்கத்திலும் தெரியும். அவற்றுக்குப் பக்கத்தில், விரல் படாத மூலையில் புள்ளி வையுங்கள். அடுப்புச் சூடு படும் இடத்தில் வைத்தால் உருகி வழியும். ரைஸ் குக்கர், பிளக் ஆகியவற்றுக்குள் வைக்க வேண்டாம். பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் நேரே வைத்தால் ஈரத்தைச் சுவர் உறிஞ்சி ஜெல் காய்ந்துவிடும். சின்னப் பிளாஸ்ரிக் துண்டை ஒட்டி அதன்மேல் வையுங்கள். பழையதை எடுத்துப் புதியது வைக்கவும் அதுவே வசதி.

ஜெல் வேலை செய்யவில்லை என்று குறை சொல்லும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் ஸ்பிரே. ஒரு கரப்பான் சுவரில் தெரிந்தவுடன் கை டின்னுக்குப் போகிறது. ஸ்பிரேயிலுள்ள சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் வகை மருந்துகளின் மணத்துக்குக் கரப்பான் விலகி ஓடும். ஜெல்லில் அது பட்டால் பிறகு தொடவே தொடாது. குசினியில் இருந்தவை படுக்கையறைக்கும் புத்தக அலுமாரிக்கும் பரவுவதும் இப்படித்தான். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே, பினோயில், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே அடித்திருந்தால் அந்த இடங்களை சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்ட பிறகு ஜெல் வையுங்கள்.

மற்றக் காரணம் நமது காலநிலை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜெல்லின் மேல் விரைவில் தோல் கட்டிவிடும். ஈர்க்கு நுனியால் தொட்டுப் பாருங்கள். ஒட்டாவிட்டால் சுரண்டி எறிந்து புதிதாக வையுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். மாரியில், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, நனைந்த சுவரோரம் பூஞ்சணம் பிடிக்கும். அதையும் மாற்ற வேண்டும். ஜெல் குழாயை மூடி இறுக்கி நிழலான இடத்தில் வைத்தால் மீதி பழுதாகாது. வெயில் படும் யன்னல் குந்தில் வைத்தால் தண்ணீராகப் பிரிந்துவிடும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் செத்தவை தெரியத் தொடங்கும். சில பகலிலேயே வெளியே வந்து தள்ளாடும்; பயந்து ஸ்பிரேயை எடுக்க வேண்டாம். ஒரு வாரத்தில் தொகை நன்றாகக் குறையும். இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பைக்குள் இருக்கும் முட்டையை ஜெல் ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று வாரத்தில் புதுக் குஞ்சுகள் வரும், அப்போது இரண்டாம் தடவை 10 புள்ளியாவது வைக்க வேண்டும். மூன்று வாரமாகியும் ஜெல் தொடப்படாமல் கிடந்தால் வேறு மருந்துள்ள ஜெல்லுக்கு மாறுங்கள். அமெரிக்காவில் ஜெல்லின் இனிப்பையே வெறுத்து ஒதுக்கும் ஜேர்மன் கரப்பான் கூட்டங்கள் 1990களிலேயே கண்டறியப்பட்டன. அவற்றின் வாயிலுள்ள சுவையுணர்விகள் குளுக்கோசைக் கசப்பாக உணர்கின்றன.

ஜெல்லை எறும்பு மொய்ப்பது இன்னொரு தொல்லை. அப்படியானால் முதலில் எறும்பை முடியுங்கள். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 10 கிராம் சீனியும் 1 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பஞ்சில் நனைத்து, போத்தல் மூடியில் வைத்து எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் விடுங்கள். ஒரு வீதம் போதும். கூட்டினால் வேலையாள் எறும்பு புற்றுக்குப் போகுமுன் வழியிலேயே செத்துவிடும், ராணி தப்பிவிடும். முதல் நாள் வரிசை பெருக்கும், துடைக்காமல் விடுங்கள். வரிசையின் மேல் ஸ்பிரே அடித்தால் சில சின்ன எறும்பினங்களின் கூட்டம் உடைந்து இரண்டு மூன்று இடத்தில் புதிதாகக் குடியேறும்.

பெரிய கரப்பானுக்கு கடையில் வாங்க வேண்டியது சிமெந்தும் கம்பிவலையும். பாவிக்காத குளியலறையின் தரைக் குழாயில் தண்ணீர்ப் பூட்டு, அதாவது குழாய் வளைவில் தேங்கி நின்று வழியை மறிக்கும் தண்ணீர், கச்சான் காலத்தில் வற்றிவிடும். வற்றினால் குழியிலிருந்து நேரே பாதை. வாரம் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றினால் அது அடைபடும். மலசலகூடக் குழியின் காற்றுக்குழாய் வாயில் 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள துருப்பிடிக்காத வலை, குழி மூடியின் விளிம்பில் சிமெந்துச் சாந்து, குசினிக் கதவின் அடியில் றப்பர்ப் பட்டி. வளர்ந்த அமெரிக்கக் கரப்பான்கூட உடம்பைத் தட்டையாக்கி 3 மில்லிமீற்றர் இடுக்கால் நுழையும், ஆகவே விரல் போகாத இடைவெளி என்று விட்டுவிடாதீர்கள். பொச்சு மட்டையையும் விறகையும் சுவரோடு அடுக்காமல் தள்ளி அடுக்குங்கள்.

சோக்குக்கட்டியை வாங்க வேண்டாம். பள்ளிக்கூடச் சோக்குக்கும் இதற்கும் பார்வையில் வித்தியாசம் இல்லை. பிள்ளைகள் கையில் எடுப்பார்கள். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இலங்கையில் விற்கும் பூச்சி மருந்து பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பெட்டியில் பதிவு இலக்கமும் மருந்தின் பெயரும் இல்லாத எதையும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். பூச்சியுருண்டையிலும் கவனம்: நப்தலின் உருண்டையோடு வைத்த துணியைப் பிறந்த குழந்தைக்குப் போடக் கூடாது. சில குழந்தைகளின் செங்குருதிக் கலங்களை அது உடைத்துவிடும்.

சிலந்திக்கு ஜெல்லும் வேலை செய்யாது, ஸ்பிரேயும் சரியாக வேலை செய்யாது. சிலந்தி ஜெல்லைத் தின்னாது. சுவரில் அடித்துக் காய்ந்த மருந்தின்மேல் கால் நுனியால் மட்டும் நடப்பதால் அதன் உடம்பில் போதிய மருந்து ஏறுவதில்லை. கூரை மூலையில் மெல்லிய நீளக்கால் சிலந்தி கட்டும் ஒட்டடைக்கு நீளத் தும்புத்தடி போதும். மாதம் ஒருமுறை, வெள்ளை முட்டைப் பையோடு சேர்த்து எடுத்தால் திரும்பக் கட்டுவது குறையும். உள்ளங்கை அகலத்தில் தட்டையாகச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புச் சிலந்தி வலை கட்டாது. அது இரவில் கரப்பானை வேட்டையாடுவது. கையால் பிடித்தால் கடிக்கும், நோகும், அதற்குமேல் ஆபத்தில்லை. கண்ணாடிப் போத்தலால் மூடி, அடியில் தடித்த அட்டையைச் செருகி வெளியே விடுங்கள். அடித்துக் கொல்ல வேண்டியதில்லை.

உடம்பெல்லாம் மயிரும் காலில் மஞ்சள் சாம்பல் பட்டைகளும் உள்ள பெரிய மரச்சிலந்தி வேறு. மரப்பொந்தில் வாழும் இந்த இனம் மரங்கள் தறிக்கப்படும் இடங்களில் பழைய கட்டடங்களுக்குள் வருகிறது. மாங்குளத்தில் பழைய ஆஸ்பத்திரி விடுதியிலும் கண்டெடுக்கப்பட்ட, கால் விரிவு 20 சென்ரிமீற்றர் வரை வரும் இனமொன்று 2012 இன் இறுதியில் புதிதாகப் பெயரிடப்பட்டது. இவற்றின் கடி கடுமையான தசைப்பிடிப்பைத் தரும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நம் நாட்டுக்கு உரிய அருமையான உயிர் இது. அகல வாய் டப்பாவும் நீளத் துடைப்பமும் கொண்டு ஒதுக்கி மரத்தடியில் விட்டுவிடுங்கள்.

ஜெல்லைப் பிள்ளையோ பூனையோ நக்கினால் ஒரு புள்ளியில் உள்ள மருந்து மிகச் சொற்பம். வாயைக் கழுவி, தண்ணீர் கொடுத்து, கவனித்திருங்கள். குழாயையே கடித்துப் பிதுக்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அம்புலன்சுக்கு அழையுங்கள், குழாயையும் அது வந்த பெட்டியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால்தான் டொக்டர் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியும். அதற்காகவே பெட்டியை எறியாமல் குழாயோடு சேர்த்து, பிள்ளைகளுக்கு எட்டாத பூட்டுள்ள அலுமாரியில் வையுங்கள்.