முதலில் ரியல் அனாலிசிஸா, அல்ஜீப்ராவா?

எம்.எஸ்சி. முடித்து மூன்று வருடம் கழித்து, கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான தகுதித் தேர்வான நெட்டுக்காகக் கணிதத்தை மறுபடி அடியிலிருந்து எடுத்தேன். கையில் இருந்த நேரம் ராத்திரி ஒன்றரை மணி நேரமும், குடியாத்தத்திலிருந்து, நான் சொல்லிக்கொடுக்கும் வேலூர் டியூஷன் சென்டருக்குப் போய்வரும் பேருந்தும்தான். லீனியர் அல்ஜீப்ரா முதலில் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை, அதை விட்டுவிடலாம். அதற்கு அடுத்தது ரியல் அனாலிசிஸா, குரூப், ரிங் என்று போகும் அல்ஜீப்ராவா என்பதில்தான் நான் ஒரு தடவை தப்பாகப் போய்த் திரும்பி வந்தேன்.

முதலில் எடுத்தது அல்ஜீப்ரா. எங்கள் காலத்துப் பிளஸ் டூவிலேயே 'குலம்' என்று குரூப் பாடம் உண்டு. அடைப்பு, சேர்ப்பு, சமனி, எதிர்மறை என்று நான்கு விதியை ஒப்பித்தவர்களுக்கு அது தெரிந்த வீடு மாதிரி. பேப்பர்கூட வேண்டாம். 15 உறுப்புள்ள குரூப் ஏன் சைக்ளிக்காகத்தான் (ஒரே உறுப்பிலிருந்து முழுக்க உருவாவதாகத்தான்) இருக்கும் என்பதை, உறுப்புகளின் எண்ணிக்கையை வைத்து உள்ளே இருக்கும் சிறு குரூப்புகளைப் பற்றிச் சொல்லும் சைலோ தேற்றத்தை வைத்து நின்றுகொண்டே யோசித்து முடித்துவிடலாம். அனாலிசிஸில் அந்தச் சுகமே கிடையாது. முதல் மாதம் முழுக்க சுப்ரீமம், எப்சிலான், டெல்டா. உட்கார்ந்து எழுதினால்தான் நகரும், அதுவும் மே மாத வேலூர் வெயிலில்.

ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் பொதுத்தேர்வுப் பிள்ளைகள் கூட்டம் வந்து இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை. திரும்பி வந்தால் சைலோவின் கூற்று ஞாபகம் இருக்கிறது, நிரூபணம் ஒரு வரிகூட இல்லை. அங்கேதான் யோசித்தேன்: எது சுலபம் என்பதைவிட, எது தானாக மறுபடி மறுபடி கண்ணில் படும் என்பதுதான் என்னைப் போல விட்டுவிட்டுப் படிக்கிறவனுக்கு முக்கியம்.

அனாலிசிஸில் ஹைனே–போரெல் தேற்றத்தை ஒரு தடவை ஒழுங்காகப் படித்தேன். மெய்யெண்களில் மூடிய, வரம்புள்ள கணம் காம்பாக்ட் என்கிற அதே விஷயம்தான். டோபாலஜிக்குப் போனால் காம்பாக்ட் என்பதன் வரையறையே, திறந்த கணங்களைக் கொண்டு எப்படி மூடினாலும் அவற்றில் முடிவுள்ள சிலவே மூடப் போதும் என்பதுதான்; பழைய தேற்றத்தைப் புரட்டாமல் அந்த வரையறை ஏன் அப்படி இருக்கிறது என்று புரியாது. கணங்களின் 'நீளத்தை' அளக்கும் மெஷர் தியரியில் ஒரு மூடிய இடைவெளியின் வெளி அளவு (வெளியிலிருந்து மூடி அளக்கும் அளவு) அதன் நீளமே என்று காட்டப் போனால் அங்கேயும் அதுதான் கைகொடுக்கிறது. ஃபங்ஷனல் அனாலிசிஸில் முடிவிலாப் பரிமாண வெளியின் அலகுக் கோளம் மூடியதாக, வரம்புள்ளதாக இருந்தும் காம்பாக்ட் இல்லை என்று வரும்போது, நாம் நம்பியிருந்த தேற்றம் எங்கே உடைகிறது என்று பார்க்க நான்காவது தடவையாக அதே பக்கம். திருப்புதல் என்று தனியாக உட்காரவே இல்லை. சைலோ அப்படி என்னைத் தேடி வரவில்லை, சமன்பாடுகளைக் குரூப் வழியாகப் பார்க்கும் கால்வா தியரி பக்கம் போனபோது மட்டும் எட்டிப் பார்த்தது.

நெட் பாடத்திட்டமும் அனாலிசிஸையும் லீனியர் அல்ஜீப்ராவையும் முதல் யூனிட்டில் சேர்த்தே வைத்திருக்கிறது; குரூப், ரிங், டோபாலஜி, காம்ப்ளெக்ஸ் எல்லாம் இரண்டாவதில். கேள்வித்தாளின் சி பகுதியில் ஒரு கேள்விக்கு 4.75 மதிப்பெண், சரியான விடைகள் அத்தனையையும் குறித்தால்தான் கிடைக்கும். அரைகுறையாக மறந்த பாடம் அங்கே பைசாவுக்குப் பிரயோஜனமில்லை.

ராணிப்பேட்டை நண்பர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். எண் கோட்பாட்டுப் பக்கம் போகிறவனுக்கு அல்ஜீப்ராதான் தினசரிச் சோறு, அங்கே அதுதான் திரும்பத் திரும்ப வரும் என்கிறார். அந்தப் பக்கம் நான் வாசல்வரைதான் போயிருக்கிறேன், அதனால் மறுக்கவில்லை. ரெகுலராகக் கல்லூரிக்குப் போய் இரண்டையும் ஒரே செமஸ்டரில் படிக்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

இப்போது ராத்திரிக்கு அனாலிசிஸ், பேருந்துக்கு அல்ஜீப்ரா. 12 உறுப்புள்ள குரூப் மொத்தம் ஐந்து வகை. நான்கு சட்டென்று வந்துவிடும், ஐந்தாவது பெரும்பாலும் பள்ளிகொண்டா தாண்டித்தான் வருகிறது.