கட்டிலிலிருந்து கழிவறை தெரிகிறதா? தாதிமை இல்லங்களில் அம்மாவின் 4 ஆண்டுகள்

அம்மாவுக்கு முதுமை மறதிநோய். சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் சமாளிக்க முடியாமல் போய் தாதிமை இல்லத்தில் சேர்த்தோம். முதல் இல்லத்தில் ஒன்றரை ஆண்டு, இப்போது இருக்கும் இல்லத்தில் இரண்டரை ஆண்டு.

முதல் இல்லத்தில் தாதியரைக் குறை சொல்லவே மாட்டேன். கட்டடம்தான் அம்மாவைப் படுத்தியது. நீளமான நடைபாதை, அதன் கடைசியில் பூட்டிய கதவு. அம்மா நடந்துபோய் அந்தக் கைப்பிடியை இழுப்பார், திறக்காது, "என்னை ஏன் அடைச்சு வச்சிருக்கீங்க" என்று அழுவார், ஒரே நாளில் பத்துத் தடவையாவது இது நடக்கும். மின்தூக்கி முன்னால் தரையில் ஒரு கறுப்புக் கால்மிதி. அது அவர் கண்ணுக்குக் குழி. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டப் பார்த்து ஒருநாள் விழுந்தே விட்டார். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கழிவறைத் தொட்டி. எதன் மேல் உட்காருவது என்றே அவருக்குத் தெரியவில்லை.

இப்போதுள்ள இடத்தில் பத்துப் பேருக்கு ஒரு வீடு மாதிரி, உள்ளேயே சமையலறை. நெதர்லாந்தில் வேஸ்ப் ஊரில் மறதிநோய் உள்ளவர்களுக்கென்றே 2009இல் வந்த ஹோகவேக் கிராமத்திலும் ஒரு வீட்டுக்கு ஆறேழு பேர்தான் என்று படித்திருக்கிறேன். இங்கே நடைபாதை முற்றத்தைச் சுற்றி வருகிறது, எங்கும் முட்டுச்சந்து இல்லை, அதனால் கதவை இழுக்கிற அழுகையும் நின்றுவிட்டது. அம்மாவின் அறை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதில் அவருடைய பழைய டிபன் கேரியர். அதைப் பார்த்துத்தான் தன் அறை எதுவென்று கண்டுபிடிக்கிறார். எல்லாவற்றையும்விட, கட்டிலில் படுத்தபடியே கழிவறை தெரியும், கதவும் இருக்கையும் அடர் நீலம். ஒரே மாதத்தில் பகல்நேர டயாப்பர் தேவைப்படாமல் போனது. என் அம்மாவுக்கு மானம் திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு.

இங்கேயும் குறை உண்டு. குளியலறைக் கண்ணாடியில் "யாரோ ஒரு கிழவி நிக்கிறா" என்று குளிக்கவே மறுத்தார். சொன்னதும் திரை போட்டார்கள். பளபளக்கும் தரை மட்டும் இன்னும் மாறவில்லை, மத்தியான வெயிலில் ஈரம் மாதிரித் தெரிவதால் அங்கே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். கட்டணம் கூடுதல்தான், மானியம் கிடைத்ததால் சமாளிக்கிறோம்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறையோடு திரும்பிவிடாதீர்கள். அனுமதி கேட்டு ஒரு கட்டிலில் படுத்துப் பாருங்கள். கழிவறை தெரியவில்லை என்றால் அடுத்த இல்லத்தைப் பாருங்கள்.