மாடல் 12-ஆ, 870-ஆ: பழைய பம்ப் துப்பாக்கியின் வயதும் விலையும்

மலேசியாவின் கெடாவில் தோட்டக் கிராணியாராக (எழுத்தராக) இருந்த என் தாய்மாமா காலமானபின், அவருடைய வின்செஸ்டர் மாடல் 12, ரெமிங்டன் 870 ஆகிய இரண்டு பம்ப் துப்பாக்கிகளும் (முன்கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றுபவை) ஜார்ஜ் டவுனில் உரிமம் பெற்ற வணிகர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி எதையும் வைத்திருக்க இயலாது. ஆகவே ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பிக்க முடிவு செய்து, மாடல் 12-ஐத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டும் 12 போர் (‘போர்’ என்பது குழலின் உட்துளை அளவைச் சொல்வது). காட்டுப் பன்றியை விரட்ட எதுவும் போதும். 1950 முதல் ஒரு கோடிக்கும் மேல் தயாரான 870-க்கு உதிரிபாகம் கிடைப்பது எளிது என்பதையும் மறுக்கவில்லை.

எனக்கு முடிவைத் தந்தது, வயதைச் சொல்லும் குறி துப்பாக்கியின் எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதுதான். 870-இன் குழலில், உடற்பகுதியை ஒட்டி இடப்பக்கம் சில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெழுத்து மாதத்தையும் அடுத்தது ஆண்டையும் குறிக்கும். ஆனால் ஆண்டெழுத்துகள் சுழற்சியாகத் திரும்ப வருபவை. அதைவிட, தோட்டாக் குழாயின் முனையிலுள்ள மூடியைக் கழற்றினால் குழல் கையோடு வந்துவிடும். யாரோ எப்போதோ மாற்றிய குழலாயின், நாம் படிப்பது குழலின் வயதைத்தான்.

மாடல் 12-இல் உடற்பகுதியின் அடியில் முன்விளிம்பில் ஒரு வரிசை எண்ணும், குழல் பொருந்தும் பகுதியின் அடியில் அதே எண்ணும் இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் துலக்கியால் வணிகர் அழுக்கை நீக்கியபோது இரண்டும் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்திருந்தன. மாமா அதை “1912ஆம் வருடத் துப்பாக்கி” என்றே பெருமை பேசுவார். அந்த ஆண்டில் இந்த மாடல் 20 போரில் மட்டுமே வெளிவந்தது என்பது அவருக்குத் தெரியாது. வரிசை எண் பட்டியலின்படி இது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது. கடைசல் வேலையின் செலவு கட்டுப்படியாகாமல் 1964இல் வழக்கமான தயாரிப்பை நிறுத்துவதற்குள் ஏறக்குறைய 20 இலட்சம் செய்திருந்தார்கள் என்பதால், அரிய பொருள் என்றும் சொல்லிவிட முடியாது.

விலையைத் தீர்மானிப்பது வயதைவிட மேற்பூச்சு. பினாங்கின் ஈரக்காற்றில் துரு ஏறியதும் மெருகேற்றி மீண்டும் நீலம் (எஃகின் மேலுள்ள கருநீலப் பாதுகாப்புப் பூச்சு) ஏற்றிவிடுவார்கள். பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியும் திருகுத் துளைகளின் ஓரம் குழிந்தும் இருந்தால் அதுவே அடையாளம். பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும் சேகரிப்பாளரிடம் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மாமாவின் துப்பாக்கியில் கைபடும் இடம் வெளுத்திருந்தாலும் எழுத்துகள் கூர்மையாகவே இருந்தன. 16 போர் மாடல்களை நான் கையாண்டதில்லை. ஆகவே இந்த அலசல் 12 போருக்கு மட்டுமே.

அமெரிக்க விலைப்பட்டியல் இங்கே செல்லாது. வாங்குபவருக்கும் உரிமம் வேண்டும் என்பதால் கேட்பவர் குறைவு. அந்த வணிகர்கூட உதிரிபாகத்தைக் காரணம் காட்டி 870-க்குத்தான் கொஞ்சம் கூடுதல் விலை சொன்னார். அதை அவரிடமே விற்றுவிட்டேன்.